உறைமோர்

நான் இரண்டாம் தாரமாக வந்தபோது, செத்துப்போன மூத்தவளின் புடவைகளை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. தயிர் மட்டும் இருந்தது. அவள் கடைசியாக உறை ஊற்றிய தயிரில் ஒரு கரண்டி மீதம் வைத்து, மறுநாள் பாலில் ஊற்றி, அதிலும் மீதம் வைத்து, இரண்டு வருடமாக அவர் அதைச் சாகவிடவில்லை. தயிர்ச்சோற்றின் முதல் கவளத்திலேயே கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் சட்டியோடு சாக்கடையில் எறிந்தேன். புதுச் சட்டி வாங்கி, நான்கு வீடு தள்ளியிருந்த பல்கீஸ் அக்காவிடம் தயிர் கேட்டு உறை ஊற்றினேன்.

மறுநாளும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவிடம் ஓடினேன். "இந்த உறை ஏதுக்கா?"

"உங்க வீட்டுதுதாம்மா. மூத்தவங்க குடுத்தது. இந்தத் தெருவுக்கே அவங்க உறைதான்."

திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வீடு பால் ஆறிக்கொண்டிருந்தது.