கடலைக்காட்டின் நிறம்

காட்டுப்பன்றி சுட உரிமம் வைத்திருந்த வேடியப்பன், அன்று பொழுது சாயும் நேரத்தில் ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு தன் கடலைக்காட்டுக்கே வந்து சேர்ந்தான். பன்றி செடிகளைக் கிளறித் தின்றுகொண்டிருந்தது. குறிபார்த்து விசையை இழுத்தான். விசை அசையவில்லை.

துப்பாக்கியின் மேலிருந்த சின்னத் திரையில் நிலம் சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பு என்றால் உரிமையாளர் சம்மதம் இல்லை; அப்படிப்பட்ட நிலத்தில் இந்தக் காலத்துத் துப்பாக்கி எதுவும் வெடிக்காது. ஆனால் இது அவன் மனைவி மாதம்மாளின் தம்பி சென்றாயன் பேரில் இருக்கும் நிலம். இருபது வருடமாக வேடியப்பனும் மாதம்மாளும்தான் அதில் பாடுபடுகிறார்கள். நேற்றுவரை பச்சையாகவே காட்டிய இடத்தில் இன்று உரிமையாளராக முன்பின் தெரியாத ஒருவர் பெயர் இருந்தது.

சென்றாயனைப் போனில் கூப்பிட்டான்.

"மத்தியானந்தான் மாமா கிரயம் ஆச்சு. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கடலை புடுங்கற வரைக்குமாவது பொறுத்திருக்கலாமேப்பா."

சென்றாயன் போனை வைத்துவிட்டான்.

அதற்குள் மாதம்மாள் தகரத்தைத் தட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? சுடுங்க. பாதிக் காடு போயிடுச்சு."

வேடியப்பன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "வரப்புக்கு வெளிய வந்துடு மாதம்மா. உன் தம்பி வித்துட்டான். இது இப்ப நம்ம காடு இல்ல."

மாதம்மாள் திரும்பி, தகரத்தை இன்னும் பலமாகத் தட்டியபடி பன்றியை நோக்கித் தனியாக நடந்தாள். பன்றி தலையைத் தூக்கியது.