சுட்ட கூடு

உரிமத்தைப் பார்த்த பிறகு கடைக்காரர் மூன்று சிறிய ரிவால்வர்களைக் கண்ணாடிமேல் வைத்தார். துப்பாக்கி சுடும் கிளப்பில் அட்டையைக் குறிபார்த்துச் சுடத்தான் கேட்டாள் அம்சவேணி. ஞாயிற்றுக்கிழமைகளில் போவதற்கு அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. மூன்றையும் ஏந்திப் பார்த்து, கனம் குறைந்ததன் விசையை அழுத்தப் போனாள். “ஐயோ, வெறுமனே அழுத்தாதீங்கம்மா! இந்த ரகத்துல, உள்ளாற தோட்டா இல்லீன்னா அடிக்கிற ஊசி இரும்புல மோதி மழுங்கிரும்.” இழுப்பறையிலிருந்து, முன்பு எப்போதோ சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றை எடுத்து உள்ளே போட்டுக் கொடுத்தார். “இப்ப அழுத்துங்க. வெறுங்கூடுதான், ஆனா அடிய வாங்கிக்கும்.” அழுத்தினாள். சின்னதாக ஒரு சத்தம் வந்தது. “இதே இருக்கட்டுங்க” என்றாள். ரிவால்வரை வாங்கிக்கொண்டு போய்க் கிளப்பிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீடு திரும்பினாள். கதவைத் திறந்ததும் வழக்கம்போல் குரல் கொடுக்க வாயெடுத்தவள், சொல்லாமல் நின்றாள். பிறகு உள்ளே போய், இறந்துபோன கணவரின் சட்டை ஒன்றை பீரோவிலிருந்து எடுத்து, வாசலைப் பார்த்துக் கிடந்த நாற்காலியின் முதுகில் மாட்டி, தோள்களைச் சரிசெய்தாள். மறுபடியும் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுவரை நடந்து, திரும்பி வந்து கதவைத் திறந்தாள்.

“வந்துட்டேனுங்க.”