இரண்டாம் பக்கம், முதல் பாட்டு

"நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடியே நான் இவளைப் பார்த்துட்டேன்" என்று லெனார்ட் கோப்பையை உயர்த்தியதும் மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். ரோஸ்லினும் தட்டினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் திருமணம்.

புதன்கிழமைதோறும் பகல் காட்சிக்கு முன்பாக நாற்பத்தாறாம் தெரு உணவகம் ஒன்றில் கூடிச் சாப்பிடும் இசைநாடகப் பித்தர்கள் அவர்கள். எல்லாருடைய வீட்டிலும் 'தீவின் தபால்காரி' இசைத்தட்டு இருந்தது; நாடகத்தைப் பார்த்தவர்கள்தாம் அரிது. அது ஒரே ஓர் இரவு நடந்து, மறுநாள் காலை வந்த விமரிசனங்களால் மாலையிலேயே மூடப்பட்டது. முன்பே ஒப்பந்தம் ஆகியிருந்ததால் இசைத்தட்டு மட்டும் வெளிவந்தது.

அந்த இரவு அரங்கில் இருந்தவர்களாக அவர்கள் அறிந்தது மூவரைத்தான். ஒருத்தி ரோஸ்லின். இன்னொருவர் அவளுடைய காலஞ்சென்ற கணவர் இர்வின். மூன்றாமவர் லெனார்ட். இளமையில் இர்வினோடு ஒரே இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டுச் சிகாகோவுக்குப் போனவர், சென்ற ஆண்டுதான் ஊர் திரும்பியிருந்தார். அவரும் அன்று அங்கே இருந்தவர் என்று கேள்விப்பட்ட நாளில்தான் ரோஸ்லின் அவரோடு காப்பி குடிக்கச் சம்மதித்தாள்.

"முழுக் கதையையும் சொல்லுப்பா. பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க, விசாரிக்க வேண்டாமா?" என்றாள் தோழி பெர்ல், ஊறவைத்த வெள்ளரிக்காயைக் கடித்தபடி.

"இடைவேளை முடிஞ்சு திரை மேல போச்சு. அந்தத் தபால்காரி தனியா நின்னு, கடிதப் பாட்டை ஆரம்பிச்சா. நான் மேடையைப் பார்க்கல. ரெண்டு வரிசை முன்னாடி பச்சைக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு அழுதுகிட்டிருந்தா, அவளைத்தான் பார்த்தேன்."

"மேடையைப் பார்க்கலையாம்! டிக்கெட் காசு தண்டம்!" என்றாள் பெர்ல். மேசை அதிரச் சிரித்தார்கள்.

ரோஸ்லின் சிரிக்கவில்லை.

"ஏண்டி, வெட்கமா? சரி, எல்லாரும் எழுந்திரிங்க. தொடக்க இசை போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"நீங்க போங்க, பெர்ல். நாங்க பின்னாலயே வர்றோம்" என்றாள் ரோஸ்லின்.

கடைசி ஆளும் கதவைத் தாண்டும்வரை வாசலையே பார்த்திருந்தாள். பிறகு கேட்டாள்: "இடைவேளைக்கு அப்புறம் என்ன பாட்டுன்னு சொன்னீங்க?"

"கடிதப் பாட்டு."

"அதுதான் முதல்லயா?"

"ஆமா. அடுத்தது படகுக்காரங்க பாட்டு. ஏன் கேக்கறே?"

இசைத்தட்டில் அதுதான் வரிசை. மேடையிலோ கடிதப் பாட்டு நாடகத்தின் கடைசிப் பாட்டு. அது தொடங்குவதற்குள் பாதிச் சபை எழுந்து போயிருந்தது. தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் பொருந்தும்படி பாட்டுகளை மாற்றி அடுக்கியவர்கள், அதைத் தூக்கி இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டார்கள். இர்வின் இறந்தபின் ரோஸ்லின் இதை எவரிடமும் சொன்னதில்லை.

"நீ அன்னிக்கு அங்க இல்ல" என்றாள். இத்தனை நாள் இருந்த 'நீங்க' அந்த வாக்கியத்தில் இல்லை.

லெனார்ட் காகிதக் கைக்குட்டையை நான்காக மடித்தார். "இல்ல."

"பச்சைக் கோட்டு?"

"அது நிஜம், ரோஸ்."

"இர்வின் சொல்லிக் கேட்டிருப்பே. நான் அந்தத் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, 'இதை நான் நேர்ல பார்த்தேன்'னு சொல்லிக்கிட்டுக் கடையில நின்னப்போ, 'நானும் அன்னிக்கு மேல்மாடியில இருந்தேன்'னு வந்து நின்னார் அவர். கடைசிவரைக்கும் மாடியில இருந்தவங்க முப்பது பேர்கூட இல்ல. அதுல ஒருத்தர் என்னைத் தேடி வந்துட்டார்னுதான் அவரைக் கட்டிக்கிட்டேன். நாற்பத்தோரு வருஷம்! ஒவ்வொரு கல்யாண நாளும் அந்த ராத்திரியை நான்தான் சொல்லணும். 'நீயே சொல்லு ரோஸ், நீ சொன்னாத்தான் நடந்த மாதிரியே இருக்கு'ம்பார். கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பார்."

அவள் தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அவரோட ராத்திரியைத் திருடி, அவர் பொண்டாட்டிகிட்டயே கொண்டுவந்து விக்கறியா?"

மோதிரம் விரல் மூட்டில் சிக்கிக்கொண்டது. திருகிக் கழற்றி, அவருடைய சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "இர்வின் ஒரு நாளும் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. போயிடு."

லெனார்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு எட்டு வைத்தவர், திரும்பி வந்து நின்றார்.

"கடையில நீ நின்னப்போ, கல்லாவுக்குப் பின்னால நானும்தான் நின்னேன். கோட்டை நான் பார்த்தது அங்கதான். 'அந்த நாடகத்தை நானும் பார்த்தேன்'னு சொன்னா இவ நம்மளைத் திரும்பிப் பார்ப்பான்னு பேசிக்கிட்டோம்."

"பேசிக்கிட்டோம்னா? யாரு யாரு?"

அவர் தொப்பியின் விளிம்பை விரல்களால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"யார் போய்ச் சொல்றதுன்னு காசு சுண்டினோம், ரோஸ். இர்வின் ஜெயிச்சான்."