தட்டளவு ஓட்டை

மழை விட்டுவிட்டது, தண்ணீர்தான் விடவில்லை. புதுக் குடியிருப்பின் கடைசியில் வெட்டிய மழைநீர்ப் பள்ளத்துக்குள், எல்லா வீட்டுக் கூரைகளும் எல்லாத் தெருக்களும் குழாய் குழாயாகக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. செந்நிறத் தண்ணீர் சுழன்று, நுரைத்து, கரைப் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கி ஏறுகிறது. காலடி மண் அதிர்கிறது. இத்தனையும் கீழ்த்தெரு வாய்க்காலுக்கு வெளியேற, எதிர்ச்சுவரின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரே ஒரு ஓட்டை. கணக்குப் போட்டு அந்த அளவைக் குறித்த பொறியாளரே, மழை விட்டது தெரியாமல் விரித்த குடையோடு நிற்கிறாள். "ரெண்டு வீடு வர்ற இடத்தைக் குழியாக்கிட்டீங்களேம்மா" என்று நேற்றுவரை மூக்கால் அழுத குடியிருப்பு முதலாளி, சைட்டே அதிரக் கத்துகிற மனிதர், தூங்கும் யானைக்குப் பக்கத்தில் நிற்பவர்போலக் கிசுகிசுக்கிறார்: "கரை நிக்கும்ல?" "நிக்கும் சார்." அவளும் கிசுகிசுக்கிறாள். அவள் போன் அடிக்க, இருவரும் திடுக்கிட்டுத் திரும்புகிறார்கள். கீழே, தாழ்வான தெருவில் குடியிருக்கும் அவளுடைய அக்கா. "ஏன்டி, சாமானையெல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு நானும் ஏறி உக்காந்திருக்கேன், இன்னும் தண்ணியவே காணோமே! வழக்கமா இந்நேரம் அடுப்படிக்குள்ள வந்திருக்குமே. இரு, வாசல் வாய்க்கால்கிட்ட போனைக் காட்டுறேன், நீயே கேளு." ஒரு காதில் பள்ளத்தின் உறுமல். மறு காதில், யாரோ செம்பிலிருந்து சரித்து ஊற்றுவதுபோல மெல்லிய சலசலப்பு. இரண்டும் ஒரே தண்ணீர். அவள் போனை முதலாளியின் காதில் வைக்கிறாள்.