பட்டான் போர் வீரர்

“நான் பாளையங்கோட்டைக்காரன்டா!” என்றார் ஞானமுத்து.

“மேடையில அது யாருக்கு சார் தெரியும்? பிலிப்பைன்ஸ்ல நடந்த பட்டான் போரோட நினைவு விழாவுக்கு வரவேண்டிய அந்த நாட்டு வீரர் வரலை. உங்க கலரும் வயசும் பொருந்துது. ஆள் கிடைக்கலைன்னா என் வேலை போயிடும்.”

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், அமெரிக்க ராணுவ கிளப்பில் பகுதிநேர வேலை பார்த்தான் மாணவன் கிருஷ்ணமூர்த்தி. அவனுக்காக ஆராய்ச்சியாளர் ஞானமுத்து மேடையேறினார்.

விழாவை நடத்திய அமெரிக்க கர்னல் அவரைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார்.

“நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் என் காலில் சுட்டபோது, என்னைச் சுமந்துபோய்க் காப்பாற்றியவன் இவன்தான்!”

கைதட்டல். ஒரு பதக்கம். ஞானமுத்து மேடையிலிருந்து இறங்கினார். சமையலறைக்குள் நுழைந்து பதக்கத்தைக் கழற்றினார். தட்டு கழுவிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“நான் பிலிப்பைன்ஸ்காரன் இல்லை,” என்றார் ஞானமுத்து.

“தெரியும். எனக்கு மணிலா.”

“உங்களையே கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டார்கள். கர்னல் வந்து பார்த்தார். இவனைப் பார்த்தால் வீரன் மாதிரி இல்லை, வேறு ஆளைப் பிடி என்றார்.”

“நீங்கள் போரில் இருந்தீர்களா?”

“அவரைச் சுமந்தவன் நான்தான்.”

“சீ! அடையாளம்கூடத் தெரியவில்லையா அந்த மனுஷனுக்கு?”

பெரியவர் அடுத்த தட்டை எடுத்தார்.

“பதினோரு நாள் என் முதுகில் கிடந்தவர். முகத்தை எங்கே பார்த்தார்?”