பெரிய அச்சு

அண்ணன் தம்பிக்குள் படகைப் பாகம் பிரிப்பது இப்போது சுலபமாகிவிட்டது. குளச்சல் கரையில் ஜெசிந்தா நடத்தும் பட்டறையில், ஃபைபர் படகைக் கரைசல் தொட்டிக்குள் இறக்கினால் மறுநாள் பிசின் தனியாகவும் நார் தனியாகவும் வந்துவிடும். பிறகு வேண்டிய அச்சில், ஒட்டாமலிருக்க மெழுகு பூசி, வார்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் டென்சனும் பிளவினும் தங்கள் பெரிய படகோடு வந்தார்கள். "சரிபாதியா ரெண்டு வள்ளம் போட்டுத் தாங்க யக்கா" என்றான் மூத்தவன் டென்சன். தம்பி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜெசிந்தா மறுபேச்சில்லாமல் செய்துகொடுத்தாள்.

இன்று இருவரும் ஆளுக்கொரு சின்னப் படகை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"ஒத்தையில வலை இழுக்க முடியல" என்றான் பிளவின்.

"கடல்ல சண்டை போடக்கூட ஆளில்ல யக்கா" என்று மணலைப் பார்த்துச் சொன்னான் டென்சன். "பழையபடி ஒண்ணா வார்த்துத் தாங்க. அந்தப் பெரிய அச்சைத் தேடி எடுத்து, மெழுகு பூச நாளாகுமோ?"

ஜெசிந்தா தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த தார்ப்பாயை விலக்கினாள். மெழுகு பூசிய பெரிய அச்சு பளபளத்தது. போன மாதம் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அன்றைக்கே பூசி வைத்திருந்தாள்.