எதிரிக் கப்பலின் துடுப்பு

போர்க்காலத்தில் ஒருநாள், இரண்டு பீரங்கிப் படகுகள் கரையருகே மோதிக்கொண்டன. ஒன்றன் குண்டும் மற்றொன்றின்மேல் படவில்லை. இடையே மீன்பிடித்த செபஸ்தியானின் தோணிதான் அவரோடு மூழ்கியது. "எதிரிக் கப்பலை மூழ்கடித்தோம்!" என்று இரண்டு படகுகளும் சங்கு ஊதிச் சென்றன.

"மத்திமீன் ஏற்றிய நானா கப்பல்? நான் யாருக்கடி எதிரி?" என்று கடலடியில் தோணி கொதித்தது. "துடுப்பே, நீ மிதப்பாய். அவர் இனி வரமாட்டார் என்று வியாகுலம் அம்மாவிடம் போய்ச் சொல்."

"என் பிடியில் தம் பெயரைச் செதுக்கியிருக்கிறார், அக்கா. பார்த்ததும் அவர் மனைவிக்குத் தெரியாதா?" என்று துடுப்பு புறப்பட்டது.

கரையில் அதைச் சிப்பாய்கள் எடுத்தனர். பெயரைச் சுரண்டிவிட்டு, "எதிரிக் கப்பலின் துடுப்பு" என்று எழுதி வெற்றி மண்டபத்தில் மாட்டினர்.

"நான் செபஸ்தியானின் துடுப்பு!" என்று அது கத்தியது. கைதட்டலில் எவருக்கும் கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே, வியாகுலம் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.